ஒரு பாயிண்ட் எத்தனை பைசா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகை நெருங்கினால் போதும், நாளிதழின் முதல் பக்கத்தையே கிரெடிட் கார்டு விளம்பரம் பிடித்துக்கொள்கிறது. பெரம்பூர் ரயில் நிலையப் பக்கமும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் குடை விரித்து மேசை போட்டவர்கள், ‘லைஃப்டைம் ஃப்ரீ சார், பாயிண்ட் எக்கச்சக்கமா வரும்’ என்று கூப்பிடுகிறார்கள். எத்தனை பாயிண்ட் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு பாயிண்ட் எத்தனை பைசா என்று கேட்டால்தான் பதில் வருவதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான் என்பதால், கொஞ்சம் கணக்கோடு எழுதுகிறேன்.

ஒரு கார்டு 100 ரூபாய்க்கு 4 பாயிண்ட் தருகிறது, ஒரு பாயிண்ட்டுக்கு 20 பைசா என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய்க்கு 80 பைசா வருகிறது. இன்னொரு கார்டு 150 ரூபாய்க்கு 2 பாயிண்ட்தான் தருகிறது, ஆனால் ஒரு பாயிண்ட்டுக்கு 50 பைசா. நூறு ரூபாய்க்கு 67 பைசா. மூன்றாவது கார்டு பாயிண்ட் பேச்சே இல்லாமல் ஒரு சதவீதம் கேஷ்பேக் என்கிறது. விளம்பரத்தில் மிக எளிமையாகத் தெரியும் அந்த மூன்றாவதுதான் இவற்றில் லாபம். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரே பாயிண்ட்டுக்கு ஒரே கார்டில் இரண்டு மூன்று விலை இருக்கும். விமான டிக்கெட்டாக மாற்றினால் ஒரு விலை, கிஃப்ட் வவுச்சராக மாற்றினால் அதைவிடக் குறைவு, பில்லில் கழித்துக்கொண்டால் பெரும்பாலும் இன்னும் குறைவு. வங்கிகள் விளம்பரத்தில் போடுவது இவற்றில் உயர்ந்த விலையைத்தான். நீங்கள் எந்த வழியில் மாற்றப்போகிறீர்களோ அந்த விலையை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விமானம் ஏறுகிறவருக்கு விமான டிக்கெட் விலையால் என்ன பயன்? ஏர்போர்ட் லவுஞ்ச் சலுகையும் அப்படியே.

‘150 ரூபாய்க்கு’ என்ற சொல்லிலும் ஒரு கத்தரிக்கோல் ஒளிந்திருக்கிறது. பல கார்டுகளில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனித்தனியாகத்தான் கணக்கு. மளிகைக் கடையில் மூன்று முறை தலா 140 ரூபாய்க்கு வாங்கினால் 420 ரூபாய் செலவு, பாயிண்ட் பூஜ்யம். அதையே ஒரே பில்லாகப் போட்டால் இரண்டு 150-க்குரிய பாயிண்ட் வரும். மாதச் சாமான்களை ஒரே நாளில் வாங்குகிற நம் பழைய பழக்கம்தான் இங்கே லாபம்.

சேர்த்த பாயிண்ட்டை எடுப்பதற்கும் காசு. பல வங்கிகள் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் 99 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன. கிட்டத்தட்ட 117 ரூபாய். 25 பைசா வீதம் 500 பாயிண்ட்டை மாற்றினால் 125 ரூபாய். கையில் நிற்பது எட்டு ரூபாய்! இரண்டாயிரம், மூவாயிரம் சேர்ந்தபின் மொத்தமாக மாற்றுவதே சரி. அதற்காக ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்கவும் கூடாது. பெரும்பாலான கார்டுகளில் இரண்டு மூன்று ஆண்டில் பாயிண்ட் காலாவதியாகிவிடும். அதற்கு முன்பே பாயிண்ட்டின் விலையை வங்கி குறைத்துவிடவும் கூடும். கார்டை மூடினாலும் மிச்சப் பாயிண்ட் போய்விடும், ஆகவே முதலில் மாற்றிவிட்டுப் பிறகு மூடுங்கள்.

இனி, நம் பகுதிக் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும்? மாதம் 25,000 செலவு என்றால் வாடகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல், வரி எல்லாம் பெரும்பாலான கார்டுகளின் பாயிண்ட் பட்டியலில் வராது. வாலட்டில் பணம் ஏற்றுவதும், இஎம்ஐ-யாக மாற்றிய தொகையும் வராது. மளிகை, துணி, மருந்து, செல்போன் ரீசார்ஜ், ஆன்லைன் ஆர்டர் என்று 12,000 ரூபாய் தேறலாம். ஒரு சதவீதம் என்றால் மாதம் 120, ஆண்டுக்கு 1,440 ரூபாய். கூட்டிக் கழித்தால் இவ்வளவுதான். 999 ரூபாய் ஆண்டுக் கட்டணம் உள்ள கார்டென்றால் ஜிஎஸ்டியோடு 1,179 ரூபாய் அங்கேயே போய்விடும். குறிப்பிட்ட தொகை செலவு செய்தால் ஆண்டுக் கட்டணம் கிடையாது என்பார்கள். அந்தச் செலவுக் கணக்கிலும் வாடகை, பெட்ரோல் போன்றவற்றைச் சேர்க்காத கார்டுகள் உண்டு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த அளவு செலவுக்கு உண்மையிலேயே கட்டணமில்லாத ஒரு கார்டு போதும். கூடவே, விசா, மாஸ்டர்கார்டு போல நம் நாட்டின் சொந்த அமைப்பான ரூபே கார்டு ஒன்று இருந்தால் நல்லது. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

ஆண்டு முழுக்கச் சேர்க்கிற அந்த 1,440 ரூபாயில் பாதிக்கு மேல் ஒரே மாதத்தில் போய்விடும் இடம் ஒன்று இருக்கிறது. ஜூன் 5-ம் தேதி 20,000 ரூபாய்க்குப் பொருள் வாங்குகிறீர்கள். ஜூன் 15 பில் தேதி, ஜூலை 5 கெடு. அன்று 19,000 கட்டிவிட்டு, ‘ஆயிரம்தானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறீர்கள். வட்டி அந்த ஆயிரத்துக்குத்தான் என்று நினைத்தால் தவறு. பல வங்கிகளின் கணக்குப்படி, வாங்கிய நாளிலிருந்து கட்டிய நாள் வரை முழு 20,000-க்கும் வட்டி ஓடும். மாதம் 3.5 சதவீதம் என்றால் முப்பது நாளுக்கு 690 ரூபாய். மீதி ஆயிரத்துக்கு அடுத்த பில் வரை பத்து நாளுக்குச் சுமார் 12 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து ஜிஎஸ்டி 126. ஆக 828 ரூபாய். அதே 20,000-க்கு வந்த பாயிண்ட்டின் மதிப்பு 200. போதாததற்கு, பாக்கி தீரும்வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றே மீட்டர் ஓடத் தொடங்கிவிடும்.

மாதம் 3.5 சதவீதம் என்பது நம் பேச்சில் மூன்றரை வட்டி. அடகுக் கடையில் இரண்டு வட்டி கேட்டாலே முகம் சுளிக்கிற நாம், பில்லில் ‘மினிமம் ட்யூ 1,000’ (குறைந்தபட்சம் கட்ட வேண்டியது) என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறோம். மினிமம் ட்யூ கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி நிற்காது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. யாராவது வந்து இந்த வட்டியைக் குறைப்பார்கள் என்று காத்திருக்க இடமில்லை. முழு பாக்கியையும் ஒவ்வொரு மாதமும் கட்ட முடியாதவருக்கு எந்த ரிவார்டு கார்டும் நஷ்டம்தான். அவர் பாயிண்ட்டை மறந்துவிட்டு முதலில் கடனை அடைக்க வேண்டும்.

கெடு தவறுவதற்குக் காரணம் பல வீடுகளில் மறதிகூட இல்லை, ஏற்பாட்டில் உள்ள ஓட்டை. ஆட்டோ டெபிட் படிவத்தில் ‘டோட்டல் அமவுண்ட் ட்யூ’, ‘மினிமம் அமவுண்ட் ட்யூ’ என்று இரண்டு கட்டம் இருக்கும். இரண்டாவதில் டிக் விழுந்திருந்தால், மாதாமாதம் பணம் ஒழுங்காகப் போகிறது என்று நினைத்துக்கொண்டே மூன்றரை வட்டி கட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆட்டோ டெபிட் கொடுத்த அதே மாதத்திலேயே வேலை செய்யும் என்றும் நம்பக்கூடாது, பெரும்பாலும் அடுத்த பில்லிலிருந்துதான் தொடங்கும். முதல் பில்லை நீங்களே கட்டிவிடுங்கள். வேறு வங்கியிலிருந்தோ பில் கட்டும் செயலி வழியாகவோ கட்டினால் கார்டுக் கணக்கில் ஏற ஓரிரு நாள் ஆகலாம், அதனால் கெடுவுக்கு மூன்று நாள் முன்பே கட்டுவது பத்திரம். ரிசர்வ் வங்கி விதிப்படி கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போட முடியும், நம் கடன் வரலாற்றைப் பதிவுசெய்யும் சிபிலுக்கும் தெரிவிக்க முடியும். ஆனால் அந்த மூன்று நாளும் வட்டிக்கு விலக்கு இல்லை.

பில் தேதியை நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளும் உரிமையும் அதே விதியில் இருக்கிறது. இதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. மணலி, எண்ணூர் பக்கத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவருக்கு 7-ம் தேதி சம்பளம் வருகிறதென்றால், கெடு 10-ம் தேதியை ஒட்டி வரும்படி பில் தேதியை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். பெரிய சாமானை எப்போது வாங்குவது என்பதும் பில் தேதியைப் பொறுத்ததே. பில் தேதி 15 என்றால், ஜூன் 14-ல் வாங்கியதற்கு ஜூலை 5 வரை 21 நாள்தான் அவகாசம். இரண்டு நாள் பொறுத்து ஜூன் 16-ல் வாங்கினால் ஆகஸ்ட் 4 வரை 49 நாள். பாயிண்ட் கிடைக்காத செலவில்கூட இந்த அவகாசம் கிடைக்கும்.

இனி எங்கே தேய்ப்பது, எங்கே தேய்க்காமல் இருப்பது.

துணிக்கடையில் ‘கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா’ என்றால் கார்டைப் பைக்குள் வைத்துவிடுங்கள். 6,000 ரூபாய்ப் பட்டுப்புடவைக்கு 120 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 60 ரூபாய்ப் பாயிண்ட் வாங்குவதில் என்ன இருக்கிறது? ரொக்கம் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டால் சௌகார்பேட்டை, மின்ட் தெருக் கடைகளில் அதைவிட அதிகமாகவே குறையும்.

பெட்ரோல் பங்கில் கணக்கு இன்னும் நுட்பம். அங்கே பிடிக்கும் ஒரு சதவீத சர்சார்ஜ் (கூடுதல் கட்டணம்) திரும்ப வரும் என்று எல்லாக் கார்டும் சொல்லும். ஆனால் பெரும்பாலும் 400 ரூபாய்க்கு மேல், நாலாயிரம் ஐயாயிரத்துக்குள் போட்டால்தான் வரும். ஸ்கூட்டருக்கு 200, 300 போடுகிறவருக்கு அது திரும்புவதில்லை. 2,000 ரூபாய் போட்டாலும் 20 ரூபாய் சர்சார்ஜ்தான் அடுத்த பில்லில் திரும்பும், அதன்மேல் போட்ட ஜிஎஸ்டி 3 ரூபாய் 60 பைசா திரும்பாது. சாதாரணக் கார்டில் பெட்ரோலுக்குப் பாயிண்ட்டும் கிடையாது. எனவே பங்கில் நேராக வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ போடுவதே மேல். இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம் போன்றவற்றின் பெயரோடு வரும் கோ-பிராண்ட் கார்டுகளின் கணக்கு வேறு. தினமும் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்கள் அதை யோசிக்கலாம்.

ரூபே கார்டு ஒன்று இருந்தால் நல்லது என்றேன் அல்லவா, அது மளிகை, மருந்து, டீக்கடைச் செலவுக்குத்தான். 2022 செப்டம்பரிலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யூபிஐ செயலியில் இணைத்து க்யூஆர் ஸ்கேன் செய்து கட்ட முடிகிறது. விசா, மாஸ்டர்கார்டு கிரெடிட் கார்டுகளுக்கு இந்த வசதி கிடையாது. சிறு கடைக்காரருக்கு 2,000 ரூபாய் வரை இதில் கட்டணம் பிடிப்பதில்லை என்பதால் அவரும் ‘எக்ஸ்ட்ரா’ கேட்க வேண்டியதில்லை. ஸ்வைப் மெஷினே இல்லாத மூலக்கடை மளிகையிலும் கார்டு செல்லுபடியாவது இப்படித்தான். சிக்கல் வருவது க்யூஆரில். கடைக்காரர் தன் சொந்தக் கணக்கின் க்யூஆரை ஒட்டி வைத்திருந்தால் கிரெடிட் கார்டில் பணம் போகாது, வணிகக் கணக்கு க்யூஆர் வேண்டும். அண்ணனுக்கோ வீட்டு உரிமையாளருக்கோ இந்த வழியில் பணம் அனுப்பவும் முடியாது. யூபிஐ செலவுக்குப் பாயிண்ட்டைக் குறைத்தோ மாத உச்சவரம்பு வைத்தோ தருகிற வங்கிகளும் இருக்கின்றன, கார்டு வாங்குமுன் இதைக் கேளுங்கள்.

சொத்து வரியைக் கார்டில் கட்டிப் பாயிண்ட் பார்க்க நினைக்க வேண்டாம். மாநகராட்சி தருகிற தள்ளுபடி அதைவிடப் பெரிது. முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள்ளும், இரண்டாம் அரையாண்டு வரியை அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். 3,000 ரூபாய் வரிக்கு 150 ரூபாய் மிச்சம். எந்தக் கார்டும் அந்த விகிதத்தில் தராது. மின்கட்டணத்துக்கும் குடிநீர் வரிக்கும் கடைசித் திரையில் சேவைக் கட்டணம் என்று ஒரு வரி வருகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள், அங்கே போகிற பத்துப் பதினைந்து ரூபாய் பாயிண்ட்டை விழுங்கிவிடும். எல்ஐசி பிரீமியத்துக்கு 2019 டிசம்பர் முதல் கிரெடிட் கார்டுக் கட்டணம் இல்லை. பாயிண்ட் வராவிட்டாலும் ஒன்றரை மாத அவகாசமாவது மிஞ்சும்.

தீபாவளி, ஆடித் தள்ளுபடியில் ‘10 சதவீத உடனடித் தள்ளுபடி’ என்பார்கள். அதன் அடியில் பொடி எழுத்தில் ‘அதிகபட்சம் 1,500’ என்றிருக்கும். 40,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு அது 3.75 சதவீதம்தான், 15,000 ரூபாய்ச் சாமானுக்கே முழு 10 சதவீதம். இரண்டு பொருள் வாங்குவதானால் சலுகை கார்டுக்கு ஒரு முறையா, ஒவ்வொரு பில்லுக்குமா என்று பார்த்துப் பிரித்து வாங்குங்கள். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்பதும் முழு உண்மையல்ல. 24,000 ரூபாய்ப் பொருளை மாதம் 4,000 வீதம் ஆறு மாதம் கட்டுகிறீர்கள். 16 சதவீத வட்டி என்றால் சுமார் 1,083 ரூபாய் வட்டியைக் கடை விலையில் கழித்துத் தருகிறது, வங்கி வட்டியாக வாங்கிக்கொள்கிறது. அந்த வட்டியின் மீதான ஜிஎஸ்டி 195 ரூபாயை யாரும் கழிப்பதில்லை. பிராசசிங் கட்டணம் 199 என்றால் ஜிஎஸ்டியோடு 235. ஆக 430 ரூபாய் செலவு, பாயிண்ட்டும் பெரும்பாலும் இல்லை. மொத்தமாகக் கட்டப் பணம் இருந்தால் இஎம்ஐ பக்கம் போக வேண்டாம்.

கார்டைத் தேய்த்துக் கையில் ரொக்கம் தரும் கடைகள் நம் பகுதியில் உண்டு. 20,000-க்கு இரண்டரை சதவீதம் பிடித்தால் 500 ரூபாய் போய் 200 ரூபாய்ப் பாயிண்ட் வருகிறது. வங்கி கண்டுபிடித்தால் கார்டும் முடங்கும், சேர்த்த பாயிண்ட்டும் போகும். ஏடிஎம்மில் எடுத்தாலோ வட்டியில்லா நாட்களே கிடையாது, 500 ரூபாய் அளவுக்குக் கட்டணமும் முதல் நாளே சேரும். சொந்தக்காரர்கள் சலுகைக்காக உங்கள் கார்டில் வாங்கிக்கொள்வதும் வழக்கம். ஆண்டுக்கு 10 லட்சத்துக்கு மேல் கார்டு பில் கட்டினால் வங்கி அதை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கார்டுக்கு உரியவர்தான்.

‘உங்கள் 5,899 ரூபாய் மதிப்புள்ள பாயிண்ட் இன்றோடு காலாவதி’ என்று வரும் எஸ்எம்எஸ், வாட்ஸ்அப் செய்திகளைத் தொடவே கூடாது. அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் வங்கியின் பக்கம் போலவே ஒன்று திறந்து கார்டு எண், சிவிவி, ஓடிபி கேட்கும், அல்லது ஒரு ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) போனில் ஏற்றச் சொல்லும். பாயிண்ட் மாற்ற வங்கியின் சொந்தச் செயலிக்குள் நீங்களே போக வேண்டும். அங்கே ஓடிபி வரலாம், ஆனால் போனில் யாரிடமும் அதைச் சொல்லத் தேவை வராது. ஏமாந்துவிட்டால் முதலில் வங்கிக்குச் சொல்லிக் கார்டை முடக்குங்கள், உடனே 1930-க்கு அழையுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியே நடந்த மோசடி என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் வங்கிக்குச் சொல்லும்வரையிலான இழப்பு உங்கள் தலையில்தான்.

குடைக்கடியில் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டிய காகிதம் ஒன்று உண்டு. வட்டி, கட்டணங்கள் அடங்கிய ஒரு பக்கக் குறிப்பை விண்ணப்பத்தோடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதி சொல்கிறது. கேட்காமல் கார்டு அனுப்பக் கூடாது என்கிறது. மூடச் சொல்லி, பாக்கியும் இல்லையென்றால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்கிறது. வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தகவலுக்கு 14448 என்ற எண் இருக்கிறது.

அதே விதி, நிபந்தனைகளை எளிய மொழியில், கூடுமானவரை உள்ளூர் மொழியிலும் தர வேண்டும் என்கிறது. நம் பகுதியில் கையில் திணிக்கப்படும் படிவங்களில் சலுகை வாசகம் மட்டும் தமிழில் பளிச்சென்று இருக்கிறது, நிபந்தனை முழுக்க ஆங்கிலத்தில். அந்த ஒரு பக்கக் குறிப்பைத் தமிழிலும், பாயிண்ட்டின் பைசா மதிப்பையும் மாற்றுக் கட்டணத்தையும் அதன் முதல் வரியிலும் அச்சிடும்படி வங்கிகளை ரிசர்வ் வங்கி கட்டாயப்படுத்த வேண்டும். அதுவரை, தங்கள் நாளிதழிலாவது கார்டு விளம்பரம் ஏற்கும்போது ‘ஒரு பாயிண்ட் = இத்தனை பைசா’ என்ற வரியைச் சேர்க்கும்படி விளம்பரதாரரிடம் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை – 600 021.